ஹாட் ஸ்பிரிங்ஸ் நினைவிடப் பயணம்: இறந்த காவலர்களுக்காக மலையேறித்தான் ஆக வேண்டுமா?

அக்டோபர் 8, 2024, மாலை 6.15 (ஒரு வாசகரின் கேள்வி)

ஒவ்வோர் ஆண்டும் பல மாநிலக் காவலர்கள் ஒரு குழுவாக லடாக்கிற்குப் போய், மலைகளைக் கடந்து, பணியில் உயிர்நீத்த காவலர்களுக்கு அஞ்சலி செலுத்திவிட்டு வருகிறார்கள் என்று படித்தேன். சென்னையில் டி.ஜி.பி. அலுவலக வளாகத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. டெல்லியில் பெரிதாக ஒன்று கட்டிவிட்டார்கள். மலர்வளையம் வைப்பதற்கு 15,000 அடிக்கு மேல் ஏன் போக வேண்டும்? அந்தச் செலவை இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்தால் என்ன? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அக்டோபர் 8, இரவு 10.50

நான் போயிருக்கிறேன். 2007 ஆம் ஆண்டு. அப்போது ஆயுதப்படையில் தலைமைக் காவலர். இப்போது ஓய்வுபெற்றுத் திருச்சியில் இருக்கிறேன். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, கேட்க வேண்டிய கேள்விதான் என்று தோன்றியது. ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை.

குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்தே ஆக வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் பணியில் இறந்தார். அவர் மனைவிக்கு வேலை உத்தரவு வருவதற்குள் மூன்று தீபாவளி கழிந்துவிட்டது. ஒரு கையெழுத்துக்காக அந்த அம்மாவோடு நானும் படியேறியிருக்கிறேன். எந்த அலுவலகம் என்று இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் அந்தக் கோப்பு நகராமல் கிடந்ததற்கு லடாக் பயணம் காரணமில்லை. பயணத்தை நிறுத்தினால் கோப்பு வேகமாக நகரும் என்று நினைத்தால் நீங்கள் அரசு அலுவலகத்தைப் பார்த்ததில்லை.

இன்னொன்று. 'மலையேறி' என்றவுடன் சிகரத்தில் கொடி நாட்டுவதுதான் நினைவுக்கு வரும். இங்கே சிகரமே இல்லை. 18,000 அடிக்கு மேலிருக்கும் ஒரு கணவாயைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி, ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றில் நடக்க வேண்டும். நினைவிடம் அங்கே இருக்கிறது. இறங்கித்தான் போய்ச் சேர்கிறோம்.

மீதியை நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 9, காலை 7.30

நடந்ததைச் சொல்லாமல் 'ஏன் அங்கே' என்பதற்குப் பதில் சொல்ல முடியாது.

1959 இலையுதிர் காலம் வரை, திபெத்துடன் நமக்கிருந்த 2,500 மைல் எல்லையைக் காத்தது காவல் துறை. ராணுவம் இல்லை. புதிதாகப் பணியில் சேரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. லத்தி பிடித்த கைதானே என்கிறார்கள். அந்த நாளில் மத்திய ரிசர்வ் காவல் படையினரும் உளவுத் துறையினரும்தான் அந்தக் குளிரில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். சீனா 1957 இலேயே லடாக்கின் கிழக்கில் உள்ள அக்சாய் சின் வழியாகச் சாலை போட்டு முடித்திருந்தது.

அக்டோபர் 20 அன்று, லடாக்கின் வடகிழக்கில் உள்ள ஹாட் ஸ்பிரிங்ஸிலிருந்து மூன்று சிறு குழுக்கள் வழி பார்த்து வரக் கிளம்பின. லனக் லா கணவாய் நோக்கிப் போகவிருந்த ஒரு பயணத்துக்கான முன்னேற்பாடு அது. பிற்பகலுக்குள் இரண்டு குழுக்கள் திரும்பிவிட்டன. மூன்றாவது குழு திரும்பவில்லை. அதில் இருந்தவர்கள் இரண்டு காவலர்கள், ஒரு போர்ட்டர்.

மறுநாள் விடியற்காலையில், முகாமில் இருந்த அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு தேடக் கிளம்பினார்கள். கரம் சிங் என்ற உளவுத் துறை அதிகாரி தலைமையில் சுமார் 20 பேர். அவர் குதிரையில் முன்னே போனார், மற்றவர்கள் கால்நடையாக. நண்பகல் நெருங்கும் வேளையில் ஒரு குன்றின் மேலிருந்து சீனப் படையினர் சுட்டார்கள், கையெறி குண்டுகளை வீசினார்கள். நம் ஆட்கள் நின்றது வெட்டவெளி. பத்துப் பேர் இறந்தார்கள். ஏழு பேர் காயத்தோடு பிடிபட்டார்கள். மற்றவர்கள் தப்பினார்கள்.

உடல்கள் மூன்று வாரங்கள் கழித்து, நவம்பர் 13 அன்றுதான் திரும்ப வந்தன. ஹாட் ஸ்பிரிங்ஸிலேயே காவல் துறை மரியாதையோடு எரியூட்டினார்கள். அவர்கள் சாம்பலான மண் அது. கேட்டவருக்கு என் முதல் பதில் இதுதான்: டெல்லியில் இருப்பது நினைவுச் சின்னம். ஹாட் ஸ்பிரிங்ஸில் இருப்பது அவர்கள் எரிந்த இடம். நம் ஊரில் ஒருவர் இறந்தால், வீட்டில் படத்துக்கு மாலை போட்டோம் என்பதற்காகச் சுடுகாட்டுக்குப் போகாமல் இருக்கிறோமா?

அக்டோபர் 9, பிற்பகல் 1.10

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். 1960 ஜனவரியில் எல்லா மாநிலக் காவல் துறைத் தலைவர்களும் கூடி, அக்டோபர் 21 ஐ வீரவணக்க நாளாக நாடு முழுவதும் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தார்கள். ஹாட் ஸ்பிரிங்ஸில் நினைவிடம் எழுப்புவதும், ஆண்டுதோறும் பல மாநிலக் காவலர்கள் அங்கே போவதும் அப்போது தொடங்கி வரும் வழக்கம். விளம்பரத்துக்காக நேற்று கண்டுபிடித்தது இல்லை.

அக்டோபர் 11, இரவு 9.00

ஆயுத பூஜை. ஆயுதப்படையில் இருந்தபோது இன்று துப்பாக்கிக் கிடங்கே கோயிலாகிவிடும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

'காணாமல் போன அந்த மூன்று பேர் என்ன ஆனார்கள்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 25 ஆண்டுகள் அணிவகுப்பில் நின்ற நான் அதைக் கேட்டதே இல்லை. அவர்களும் இறந்திருப்பார்கள், பத்துப் பேரில் அவர்களும் அடக்கம் என்றே நினைத்திருந்தேன். லேயில் எங்களுக்கு வரலாறு சொன்ன இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை ஆய்வாளர்தான் திருத்தினார். அந்த மூவரும் 20 ஆம் தேதியே உயிரோடு பிடிபட்டுவிட்டார்கள்.

அதாவது, தேடப்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். தேடிப் போனவர்கள்தான் இறந்தார்கள். பிடிபட்டிருந்த கரம் சிங்கும் மற்றவர்களும் நவம்பர் 14 அன்று விடுவிக்கப்பட்டார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் நாள் உயரத்தில் யாருக்கும் தூக்கம் வராது என்று மருத்துவர் சொன்னார். எனக்கு அதனால் மட்டும் இல்லை. அதுவரை வீரவணக்கம் என்றால் எனக்குச் சண்டை. அன்று முதல், நேரமாகியும் திரும்பாத மூன்று பேருக்காக விடியும் முன் பூட்ஸ் கட்டியவர்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள்.

அக்டோபர் 14, மாலை 5.20

வழியைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்.

லே 11,500 அடி. அங்கே பல நாள் சும்மா இருக்க வைப்பார்கள். சும்மா இருப்பதுதான் பயிற்சி. திருச்சி வெயிலில் பத்துக் கிலோமீட்டர் ஓடுபவன் அங்கே மாடிப்படியில் நின்று மூச்சு வாங்குவான். அப்புறம் வண்டியில் சாங் லா கணவாய், தாங்ட்சே, பாங்காங் ஏரிக்கரை, போப்ராங். போப்ராங்தான் அந்தப் பக்கத்தின் கடைசி ஊர். எங்களை அங்கிருந்து நடக்க வைத்தார்கள். மார்சிமிக் லா கணவாய் 18,000 அடிக்கு மேல். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. பத்தடிக்கு ஒரு முறை நின்றேன். நிற்கும்போது வேறு எதையும் யோசிக்க முடியாது. அடுத்த மூச்சு வருமா என்பதுதான்.

கணவாயைத் தாண்டி இறங்கினால் சாங் சென்மோ பள்ளத்தாக்கு. புல் இல்லாத மலைகள், காவி, சாம்பல், சில இடங்களில் ஊதா. நம் ஊர் ஆடு மாடு போலக் காட்டுக் கழுதைகள் கூட்டமாக நின்று பார்க்கும். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் முழங்கால் நீர் இடுப்புக்கு வந்துவிடும். சோக்சாலுவில் ஓர் இரவு. அதன் பிறகு ஹாட் ஸ்பிரிங்ஸ். பெயருக்கேற்ப வெந்நீர் ஊற்று உண்டு. நாங்கள் குளிக்கவில்லை. அதற்காக யாரும் வரவில்லை.

உயரத்துக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரை பற்றிக் கேட்டவருக்கு: அங்கே மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், இங்கே நான் சொல்வதைக் கேட்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்வேன், தலைவலியை மறைக்காதீர்கள். ஏன் என்று அடுத்து எழுதுகிறேன். எழுத மனம் வர வேண்டும்.

அக்டோபர் 16, இரவு 11.40

மழை. மின்சாரம் போய் இப்போதுதான் வந்தது.

எங்கள் மாநிலத்திலிருந்து அந்த ஆண்டு போனது நாங்கள் இருவர். மற்றவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர், கோவில்பட்டிப் பக்கம். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கிளம்பும்போது அவர் வீட்டில் குலதெய்வக் கோயிலில் வைத்துக் கும்பிட்ட கற்பூரப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். "அங்கே ஏற்றிவிட்டு வாருங்கள், அந்த மனிதர்களுக்கு யார் ஏற்றியிருப்பார்கள்" என்று அண்ணி சொன்னதாகச் சொன்னார்.

போப்ராங் முகாமில் அவருக்குத் தலைவலி. சொல்லவில்லை. என்னிடமும் "சொல்லாதே தம்பி, திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றார். நானும் சொல்லவில்லை. இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். கணவாயின் அடிவாரத்தில் போட்ட அடுத்த முகாமில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்தப் பட்டாலியன் மெஸ் என்று கேட்டார். அப்போதுதான் நான் ஓடினேன்.

மருத்துவர் தரையில் ஒரு கோடு போட்டார். குதிகாலும் விரலும் ஒட்டி ஒட்டி அந்தக் கோட்டில் நடக்கச் சொன்னார். அண்ணன் மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தார். மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளம் அது. விடியும் வரை காத்திருக்க முடியாது, இப்போதே கீழே இறக்க வேண்டும் என்றார். வண்டி தயாரானது. ஆக்சிஜன் வைத்தார்கள்.

பிறகு மருத்துவர் சொன்னார், "இவர் குழம்பிப் போயிருக்கிறார், தமிழ் மட்டும்தான் பேசுகிறார். அந்த மொழி தெரிந்த ஒருவர் கூடப் போனால் நல்லது."

நான் பேசவில்லை. பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் கணவாய். அதற்கடுத்து நினைவிடம். இன்னொரு முறை இந்த வாய்ப்பு வராது என்று தெரியும். எத்தனை நொடி என்று சொல்லத் தெரியவில்லை. நீளமாக இருந்தது.

கேரளக் காவல் துறையிலிருந்து வந்திருந்த ஒருவர், பாலக்காட்டுக்காரர், "எனக்குத் தமிழ் தெரியும், நான் போகிறேன்" என்றார். பையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். அண்ணன் ஏறும்போது என் கையில் கற்பூரப் பொட்டலத்தைத் திணித்தார். அந்த நிலையிலும் அது அவருக்கு நினைவிருந்தது.

மூன்று நாள் கழித்து நினைவிடத்தின் முன் நின்றேன். ஆயுதங்களைத் தலைகீழாகத் திருப்பித் தாங்கினோம். ஊதுகொம்பு ஒலித்தது. மலர்வளையம் வைத்தோம். எல்லாம் முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு, நான் ஒரு கல்லின் மறைவில் கற்பூரத்தை வைத்தேன். காற்று விடவில்லை. நான்கு தீக்குச்சிகள் வீணாயின. எல்லைக் காவல் படை ஹவில்தார் ஒருவர், என்ன செய்கிறேன் என்று கேட்காமலேயே தன் கோட்டை விரித்துக்கொண்டு குனிந்து நின்றார். எரிந்தது. எரிந்து முடியும் வரை அவர் நகரவில்லை.

அந்தச் சுடரைப் பார்த்தபோது அந்தப் பத்துப் பேரை நினைக்க முயன்றேன். அந்த வண்டியின் பின்விளக்குதான் வந்தது.

அக்டோபர் 17, காலை 8.15

பலர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். நன்றி. 'நீங்கள் போயிருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை, அவர் பிழைத்துக்கொண்டார் அல்லவா' என்று ஒருவர். ஆம், தாங்ட்சேக்கு இறக்கியதும் தெளிந்துவிட்டார், லேயில் நான்கு நாள் மருத்துவமனை, முழுதாகக் குணமானார். இருந்தாலும் அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. 1959 இல் தேடிக் கிளம்பியவர்களும் விடியும் வரை பார்ப்போம், மதியம் வரை பார்ப்போம், அவர்களே வந்துவிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அதனால்தான் நாம் அவர்களுக்கு மலர்வளையம் வைக்கிறோம்.

முதலில் கேட்ட நண்பருக்கு இப்போது நான் வேறு பதில் சொல்வேன். சுடுகாட்டு உவமை சரிதான், ஆனால் பாதிதான். அங்கே போனதால்தான் நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரிந்தது. சென்னையில் மலர்வளையம் வைத்திருந்தால் தெரிந்திருக்காது.

அக்டோபர் 21, இரவு 8.00

இன்று ஆயுதப்படை மைதானத்துக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு ஓர் ஆண்டும் தவறியதில்லை.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று. முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் இந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை நாடு முழுவதும் பணியில் இறந்த காவலர்கள் ஒவ்வொருவரின் பெயரும் இன்று வாசிக்கப்படும். இந்த முறை 216 பெயர்கள். மணிப்பூர், சத்தீஸ்கர், காஷ்மீர், பஞ்சாப் என்று போகும். நான் பணியில் இருந்தபோது இரண்டு ஆண்டுகள் வாசித்திருக்கிறேன். வடகிழக்குப் பெயர்கள் என் நாவில் வராது. ஒரு வாரம் முன்பே பட்டியலை வாங்கி, அந்தப் பக்கம் பணியாற்றி வந்த துணை ராணுவ நண்பர் ஒருவரிடம் போய், எங்கே அழுத்தம், எங்கே இழுவை என்று கேட்டுக் கேட்டுப் பழகினேன். இறந்தவரின் தாயின் காதில் விழப்போவதில்லைதான். அதற்காகத் தப்பாகச் சொல்லிவிட முடியுமா?

ஓர் ஆண்டு எங்கள் மாவட்டப் பெயர் ஒன்று பட்டியலில் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னதும் முன்வரிசையில் அவர் தாயார் எழுந்து நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. அடுத்த பெயரை வாசிப்பதா நிறுத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்தினேன். அவராக உட்கார்ந்த பிறகுதான் தொடர்ந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும், நேரம் தவறியது என்று ஓர் அதிகாரி கடிந்துகொண்டார். இன்றும் நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 22, மாலை 4.30

இரண்டு சிறு கேள்விகள்.

டெல்லி நினைவகம்: சாணக்கியபுரியில் இருக்கிறது, 2018 அக்டோபர் 21 அன்று பிரதமர் திறந்து வைத்தார். நடுவில் 30 அடி உயர ஒற்றைக் கருங்கல், 238 டன். திறந்தபோது சுவரில் 34,844 பெயர்கள் இருந்தன. நான் போய்ப் பார்த்தேன். பெயர்களை விரலால் தடவிப் படிக்கலாம். அது வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

2020 இல் சீனாவுடன் நடந்த மோதலுக்குப் பிறகு ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதி என்ன ஆனது என்று கேட்டவருக்கு: கல்வானில் ஜூன் 15 அன்று நம் ராணுவத்தினர் 20 பேர் இறந்தார்கள். கோக்ரா-ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியிலும் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. 2022 செப்டம்பரில் அங்கே பின்வாங்கல் முடிந்தது. செய்தியில் அந்தப் பெயரைக் கேட்ட ஒவ்வொரு முறையும், கோட்டை விரித்து நின்ற அந்த ஹவில்தாரின் வயதில் இப்போது அங்கே யார் நிற்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 25, இரவு 10.10

மேலே 9 ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'இரண்டு காவலர்கள், ஒரு போர்ட்டர்' என்று எழுதியிருக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் கேட்ட சொற்பொழிவுகள் எல்லாவற்றிலும் அந்தப் போர்ட்டர் அந்த ஒரு சொல்லோடு கடந்து போனார். எங்களுக்கும் 2007 இல் போப்ராங் ஊர்க்காரர்கள் சுமை தூக்கினார்கள். எங்கள் கூடாரம், எங்கள் அரிசி, எங்கள் மலர்வளையம். கணவாயின் உச்சியில் நாங்கள் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் சுமையை இறக்காமலேயே குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர். அவரோடு மூன்று நாள் நடந்தேன், 'பையா' (இந்தியில் அண்ணா) என்று மட்டும் கூப்பிட்டேன்.

நவம்பர் 1, காலை 9.45

நேற்று தீபாவளிக்கு அண்ணனை அழைத்தேன். ஆண்டுதோறும் அழைப்பேன், ஆனால் லடாக் பற்றி இருவரும் பேசுவதில்லை. இந்த முறை, அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், உங்களைக் கேட்காமல் எழுதியது தவறு என்று சொன்னேன். படித்துக் காட்டு என்றார். படித்தேன். கற்பூரம் எரிந்த இடத்தில் "அவளிடம் சொல்கிறேன்" என்றார். நான் பேசாமல் நின்ற இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

படித்து முடித்த பிறகு சிறிது நேரம் கழித்துச் சொன்னார், "தம்பி, அந்தப் பாலக்காட்டுக்காரர் வழி முழுவதும் என் கையை விடவில்லை. தூங்கக் கூடாது என்று கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். பெண்டாட்டி பெயர் என்ன, பிள்ளைகள் பெயர் என்ன, ஊரில் என்ன பயிர் என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நான் அவர் பெயரைக் கேட்கவே இல்லை. உனக்குத் தெரியுமா?"

எனக்கும் தெரியவில்லை.

லேயில் கிளம்பும் முன் எடுத்த குழுப் படம் பீரோவில் இருந்தது, காலையில் எடுத்துப் பார்த்தேன். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கிறார். மீசை, கழுத்தில் பச்சைக் கம்பளி. படத்தின் பின்னால் பெயர்கள் எழுதியிருக்கவில்லை.

2007 குழுவில் கேரளக் காவல் துறையிலிருந்து போய், கணவாயைத் தாண்டாமல் போப்ராங்குக்கு அப்பாலிருந்து திரும்பியவர். பாலக்காட்டுப் பக்கம், தமிழ் நன்றாகப் பேசுவார், இப்போது 55 வயதுக்கு மேல் இருக்கலாம். இங்கே கேரளத்தில் இருந்து படிப்பவர்கள் யாருக்காவது அப்படி ஒருவரைத் தெரிந்தால், இந்த இழையை அவரிடம் காட்டுங்கள். கோவில்பட்டியில் ஒருவர் அவர் பெயரைக் கேட்கக் காத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். திருச்சியிலும் ஒருவர்.